கடலுக்குப் போன தண்ணீர்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை சாத்தூர்ச் சந்தையில் ஒரு அம்மா கூனிப்பொடிக் கருவாடு அளந்துகொண்டிருந்தார். அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமாகி நீ கடற்கரைக்குப் போன பிறகு, ஊருக்கு வரும்போதெல்லாம் உன் பையிலிருந்து முதலில் வெளியே வருவது அதுதான்.

அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனியில் ஒரே மேசையில் லேபிள் ஒட்டியவர்கள் நாம். பிறகு வைப்பாறு நம்மைப் பங்கு போட்டுக்கொண்டது. ஆற்றோரம் விவசாயம் பார்க்கும் வீட்டுக்கு நான். அது கடலைத் தொடும் ஊருக்கு நீ.

ஒரு கோடையில் முகத்துவாரத்துக்கு என்னைக் கூட்டிப்போனாய். ஆற்றின் வாயை மணல்திட்டு அடைத்துக் கிடந்தது. ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாய்.

"உப்புடி. ஆறு வரலேன்னா கடல் உள்ள வந்துருது."

"எங்க கெணறே வத்திக் கெடக்கு" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "கடலுக்குப் போற தண்ணி வீணுன்னு உங்க வீட்டுக்காரரு சொல்லுதாராமே. அந்தத் தண்ணியிலதான்டி நாங்க சோறு பொங்குதோம். ஆறு வந்து திட்டை உடைச்சாத்தான் மடவை மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ள வந்து வளரும். உங்க ஊருப் பக்கம் தடுப்பணை கட்டுதாகளாம்லா, அடியில ஒரு மதகு வைக்கச் சொல்லேன்."

தலையாட்டினேன். ஊர் திரும்பியதும், வாடிய மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நின்ற என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். மதகுப் பேச்சை எடுக்கவில்லை. நீ போனில் கேட்டபோதெல்லாம் "சொல்லுதேன்" என்றேன்.

அடுத்த கோடையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க, உன் வீட்டார் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இத முன்னமே சொல்லிருக்கலாம்லா" என்றார்.

ஊர்க் கூட்டத்தில் அவரே எழுந்து கேட்டார். எதிர்த்தவர்களின் வீட்டுக்கு அவரோடு நானும் போனேன். கடைசியில் அணையில் மதகு வைத்தார்கள். போன மழைக்கு ஆறு திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போனது.

உன் மாமியார் போன் செய்தார். "இப்ப ஊத்துல நல்ல தண்ணி கெடைக்குதும்மா. ஒரு நா வந்துட்டுப் போங்க."

போனேன். செம்பில் கொடுத்தார். தித்திப்பாக இருந்தது. அவர் எதிரே அழக்கூடாது என்று முழுவதையும் குடித்தேன். நான் வாய் திறக்க ஏன் அம்புட்டு நாள் ஆயிற்று என்பதை மட்டும் அவரிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன், புள்ள.