கட்டாமல் விட்ட கட்டை

சேசு மரி சூசை

பீருமேட்டுத் தோட்டம்,
1893ஆம் வருஷம், தை மாதம் 26ஆம் தேதி

என்னை வளர்த்து ஆளாக்கிய அண்ணன் இன்னாசி அவர்கள் சமூகத்துக்கு, மரிய சூசை முழந்தாள் படியிட்டு எழுதிக்கொள்வது.

தேவ கிருபையால் நான் இங்கே உடம்புக்குச் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் கை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

முதலில் உபதேசியார் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். இதை அண்ணனுக்கு நீங்கள்தான் படித்துச் சொல்லப் போகிறீர்கள். மதினி இருதயம்மாளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் படியுங்கள். நடுவில் அண்ணன், "போதும் ஐயா, மடிச்சு வையுங்க" என்று சொல்வார். கேட்காதீர்கள். அவர் அப்படிச் சொல்கிறவர்தான். ஒரு எழுத்து விடாமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

மதினி எழுதச் சொன்ன கடிதம் போன வாரம் கிடைத்தது. செவலைப் பசு கன்று போட்டது, ஆற்றில் தண்ணீர் குறையாமல் ஓடுவது, கோயில் மணிக்குப் புதுக் கயிறு போட்டது எல்லாம் அறிந்தேன். ஊர்ச் சங்கதியெல்லாம் முடிந்த பிறகு, அடியில் இருந்த கொஞ்சம் இடத்தில் உங்கள் கையைப் பற்றி இருந்தது. மதினி சொன்னதை உபதேசியார் ஐயா மாற்றாமல் எழுதியிருக்கிறார். "ஒங்கண்ணனுக்கு வலது கையில சுண்டுவிரலும் மோதிர விரலும் போச்சுப்பா. மாடு மெரண்டு இழுத்ததுல நொகத்தடியில கை மாட்டிக்கிச்சுன்னு சொன்னாக. மூக்கணாங்கயிறு பிடிக்க முடியல. வீட்டுல உக்காரவும் மனசு வரல. மொக்கைச்சாமி வண்டியில சும்மா ஏறிக்கிட்டுப் போறாக, வாறாக. நீ பெரிய எடத்துல இருக்கியே, ஒன் தொரைகிட்டச் சொல்லி அண்ணனுக்கு ஒக்காந்து பாக்குற வேலை ஏதாச்சும் வாங்கிக் குடுப்பா."

மதினி, மாடு மிரளவில்லை. அந்த மயிலைக் காளைகள் ஒரு பாவமும் செய்யவில்லை. நீங்கள் அவற்றை என்னவெல்லாம் திட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு கை தவிடு கூடுதலாகப் போடுங்கள். அண்ணன் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

நடந்ததைச் சொல்கிறேன். இந்தத் துரையிடம் கோச்சுவான் வேலை கேட்டுப் போனபோது நானும் ஒரு பொய் சொன்னேன். என் அப்பா மதுரையில் பெரிய பங்களாவில் சாரட்டு ஓட்டினவர், நான் பிறந்ததே குதிரை லாயத்துக்குப் பக்கத்தில்தான் என்று அளந்துவிட்டேன். பெரியகுளத்தில் இரண்டு வருஷம் குதிரைக்குப் புல் போட்டவன் என்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? மாட்டு வண்டிக்காரன் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல அன்றைக்கே எனக்கு நாக்கு கூசியது. அண்ணே, நீங்கள் பாரம் ஏற்றிச் சம்பாதித்துத்தான் என்னைச் சாமியார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீர்கள். அங்கே கற்ற எழுத்தில்தான் இதை எழுதுகிறேன்.

துரையின் சாரட்டை நீங்கள் பார்த்தீர்கள். சென்னைப்பட்டணத்தில் செய்து, இரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து இறங்கியது. கறுப்பு வார்னிஷில் முகம் பார்க்கலாம். கண்ணாடிச் சன்னல், உள்ளே சிவப்புத் தோல் மெத்தை, அடியில் எஃகு வில். கம்பத்துக் கல் ரோட்டில் ஓடினாலும் மடியில் வைத்த பால் செம்பு தளும்பாது. பாருங்கள், இப்போதுகூட அதன் பெருமையைத்தான் பேசுகிறேன். இந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

அந்தச் சாரட்டுக்குப் பிரேக் உண்டு. இரும்புக் கைப்பிடியை இழுத்தால் பின் சக்கரம் இரண்டையும் கவ்விப் பிடிக்கும். முன் சக்கரத்துக்கு ஒன்றும் கிடையாது. காய்ந்த ரோட்டுக்கு அது போதும். ஈரக் களிமண்ணில் இழுத்தால் சக்கரம்தான் நிற்கும், வண்டி நிற்காது. அப்படியே சறுக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பும். அதனால்தானே நம் ஆட்கள் மலை இறங்கும்போது வண்டிக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கயிறு போட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கட்டை மண்ணைக் கீறிக்கொண்டே வரும். வண்டி வேகம் எடுக்காது, பின்பக்கமும் நேராக வரும். பத்து வயதில் உங்களோடு குமுளிக்கு வந்தபோதே இதெல்லாம் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

மார்கழியில், சேசு பிறந்த திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. துரைசானி அம்மாவையும் கைக்குழந்தையையும் இரயில் ஏற்றிவிடத் துரை புறப்பட்டார். இரண்டு நாளாக விடாத மழை. அன்று காலையில் மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. குமுளி மேட்டில் அரிசி இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லோரும் கட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வண்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். முழங்கால் வரைக்கும் சேறு, தலையில் கோணிச்சாக்கு. என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்ததே, அண்ணே, அதை நான் பார்த்தேன். "ஏலே சூசை" என்று ஒரு குரல் கொடுத்தீர்கள். அதுவும் என் காதில் விழுந்தது.

துரை கண்ணாடியை இறக்கி, அந்த ஆள் உன்னைக் கூப்பிடுகிறானே, உனக்குத் தெரிந்தவனா என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெரியாது துரை, யாரோ வண்டிக்காரன்" என்று சொன்னேன். துரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மெதுவாகச் சொல்லவில்லை. உங்களுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். நீங்கள் மறுபடியும் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று பயந்து, அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

மொக்கைச்சாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நீங்கள் அவர் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். பிறகு ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு சாரட்டுக்குப் பக்கத்தில் வந்து, "ஐயா, மண்ணு ரொம்ப வழுக்குதுங்க. இந்தக் கட்டையப் பின்னால கட்டிக்கங்க. ரெண்டாவது வளைவுல இங்கன மாதிரி இருக்காது, பூராவும் களி" என்றீர்கள். என்னைப் பார்த்து, நீங்கள், ஐயா என்றீர்கள். அந்தக் கட்டையை நீட்டியது, என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டின கை.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்தான். வார்னிஷ் போட்ட சாரட்டுக்குப் பின்னால் மாட்டு வண்டி மாதிரி கட்டையைக் கட்டி இழுப்பதா என்று நினைத்தேன். "இது கம்பத்துச் சந்தை வண்டி இல்ல, பிரேக் இருக்கு, தள்ளிப் போ" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினேன். "போ" என்று ஒருமையில் சொன்னேன். உபதேசியார் ஐயா, இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள்.

இரண்டாவது வளைவில், நீங்கள் சொன்ன அதே இடத்தில், வண்டி வேகம் எடுத்தது. பயத்தில் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பின் சக்கரங்கள் நின்றன, சாரட்டு நிற்கவில்லை. பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துச் சறுக்கத் தொடங்கியது. உள்ளே அம்மா அலறினார்கள், குழந்தை வீறிட்டது. குதிரைகள் முன்காலைத் தூக்கின. நான் பிரேக்கை இன்னும் இறுக்கினேன். செபம்கூட வாயில் வரவில்லை.

அந்தக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் எங்கள் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? தள்ளிப் போ என்று சொன்னவன் பின்னால் யாராவது வருவார்களா? பள்ளத்துப் பக்கம் குனிந்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்தீர்கள். வண்டி அதில் ஏறி முட்டி நின்றது. கட்டைக்கும் சக்கரத்தின் இரும்புப் பட்டைக்கும் நடுவில் உங்கள் கை இருந்தது. அப்போதும் நீங்கள் கத்தவில்லை. "பிரேக்க விடுங்க ஐயா, குதிரைய மட்டும் பிடிங்க" என்றீர்கள். அப்போதும் ஐயாதான்.

துரை இறங்கி வந்து தன் கைக்குட்டையால் உங்கள் கையைக் கட்டினார். பெயர் என்ன என்று கேட்டார். "வண்டிக்காரங்க" என்று மட்டும் சொன்னீர்கள். பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்த மொக்கைச்சாமிதான் சாரட்டுக்குப் பின்னால் கட்டையைக் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு என் காலடியில் காறித் துப்பினார். அவரிடம் சொல்லுங்கள், அது குறைவு.

மதினி, இன்னும் இருக்கிறது. இரயிலடியில் துரை என் தோளைத் தட்டினார். குதிரையை விடாமல் பிடித்ததால்தான் தன் குடும்பம் பிழைத்தது என்று சொல்லி, பித்தளைப் பொத்தான் வைத்த புதுக் கோட்டு ஒன்று கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது உத்தமபாளையத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட நின்றேன். துரையிடம் கேட்டுக்கொண்டு அங்கிருந்து நடந்திருந்தால் உச்சிவேளைக்குள் நம் வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. திருநாள் பூசைக்கு அந்தக் கோட்டோடுதான் போனேன். தேவ நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

மதினியின் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் துரையிடம் போய்க் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சாரட்டு ஓட்டவில்லை, அந்த வண்டிக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன் என்று சொன்னேன். அவர் நீட்டின கட்டையை வேண்டாம் என்று விரட்டியதையும் சொன்னேன். துரை குதித்து எழுந்து கத்துவார் என்று நினைத்தேன். அவரோ, உன் அப்பன் எதை ஓட்டினால் எனக்கென்ன என்று கேட்டார். எந்தப் பொய் வெளியே வந்துவிடும் என்று பயந்து உங்களை யாரோ என்று சொன்னேனோ, அந்தப் பொய் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, அண்ணே. அதைக் கேட்டபோதுதான் என் உடம்பு முழுக்கக் கூசிப் போயிற்று.

அவருக்கு வேறு கோபம். அவர் தேசத்தில் மார்கழி, தை மாதங்களில் வானத்திலிருந்து வெள்ளைப் பனி கொட்டி ரோடெல்லாம் கெட்டியாக உறைந்துவிடுமாம். அதில் சறுக்கின சாரட்டுகள் எத்தனையோ உண்டாம். எப்பேர்ப்பட்ட பிரபுவின் சாரட்டாக இருந்தாலும் அந்த நாளில் சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றித்தான் ஓட்டுவார்களாம், அதை ஒருத்தரும் கேவலமாக நினைப்பதில்லையாம். மலையைத் தெரிந்தவன் கட்டையை நீட்டியும் வேண்டாம் என்றாயே, உள்ளே என் குழந்தை இருந்ததே என்று கேட்டார். மாதக் கடைசியோடு வேலையை விட்டுப் போ என்றார். அவர் செய்தது நியாயம்தான்.

ஆகையால் மதினி, துரையிடம் சொல்லி அண்ணனுக்கு வேலை வாங்கித் தரும் நிலையில் நான் இல்லை. பெரிய இடத்தில் இருக்கிற கொழுந்தன் என்று இனி யாரிடமும் சொல்ல வேண்டாம். நீங்கள் எனக்குச் சோறு போட்டதற்கு நான் செய்த கைம்மாறு இதுதான். திட்டுங்கள், மாட்டைத் திட்டியதைவிடக் கூடுதலாகத் திட்டுங்கள்.

அண்ணே, எனக்கு இரண்டு கையும் பழுதில்லாமல் இருக்கின்றன. குதிரை லகானைப் பிடித்தாலும் மூக்கணாங்கயிறு மறந்துபோகவில்லை. நீங்கள் சம்மதித்தால் நம் வண்டியை நான் ஓட்டுகிறேன். நீங்கள் முன்னால் உட்கார்ந்து வாருங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கட்டை கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்பேன்.

வீட்டுக்கு நேரே வந்து வாசலில் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. தப்பு எங்கே நடந்ததோ அங்கேயே வருகிறேன். மாசி பிறந்து முதல் திங்கட்கிழமை, மொக்கைச்சாமி வண்டியில் நீங்கள் மேலே வரும்போது, குமுளி மேட்டில் வண்டிகள் நிற்கிற இடத்தில் இருப்பேன். கோட்டும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. நல்ல கட்டையாக ஒன்று வெட்டி, கயிறும் போட்டு வைத்திருப்பேன்.

மதினியையும் பிள்ளைகளையும் தேவமாதா காக்கட்டும். உங்கள் கைப்புண் வலியில்லாமல் ஆற வேண்டும் என்று நாள் தவறாமல் செபமாலை சொல்கிறேன். என் செபம் எவ்வளவு தூரம் போகுமோ தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அண்ணே. அன்றைக்கு மேட்டில் பத்து வண்டியாவது நிற்கும். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறானே, இவன் யார், உனக்குத் தெரிந்தவனா என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். நான் என்ன சொன்னேனோ அதையே நீங்களும் சொல்லலாம். எனக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்லலாம். சொல்லிவிட்டு, இறங்குவதற்கு முன்னால், அந்தக் கட்டையை மட்டும் என் கையால் கட்ட விடுங்கள்.

இப்படிக்கு,
மரிய சூசை