மேஸ்திரி எங்கேயும் போகாது

முடிச்சூர்,
10-7-2007

சிரஞ்சீவி அச்சுதனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். நீயும் சுப்ரஜாவும் அந்தத் தூர தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நானும் அப்பாவும் இரண்டு பேர்தானே, மூன்றாவது யார் என்று கேட்பாய். தெரிந்துகொண்டே கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் நான் ஆரம்பித்தவுடன் நீ, அம்மா ஒரு நிமிஷம் என்று குறுக்கே வருகிறாய், அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொல்ல வந்தது மறந்து போகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி.

புது வீட்டுக்கு ஏற்ற வளர்ப்புப் பிராணியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீ இன்டர்நெட்டிலிருந்து அனுப்பிய ஆறு பக்கத்தையும் அப்பா தாம்பரம் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து வந்தார். வீடு எத்தனை சதுர அடி, இருப்பவர்களின் வயது என்ன, தினமும் எவ்வளவு தூரம் நடப்பீர்கள், யாருக்காவது தும்மல் உண்டா என்று இருபது கேள்வி. அப்பாவைத்தான் தெரியுமே, ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் நிரப்பினார், முழங்கால் வலியைக்கூட மறைக்கவில்லை. கடைசியில் கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு உகந்தது தங்க மீன் என்று வந்தது. நீ அதையும் கேட்கவில்லை. காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலை பார்க்கும் உன் சிநேகிதன் மதியழகனிடம் சொல்லி லாப்ரடார் குட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அது வருவதற்குள் அந்தத் தெருநாயை அப்புறப்படுத்திவிடுங்கள் என்று ஒரு வரி எழுதினாய். அந்த வார்த்தையைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தத் தெருநாய்க்குப் பெயர் இருக்கிறது. மேஸ்திரி. பெண் நாய்தான், ஆனால் பெயர் அதுதான். வைத்தது நான் இல்லை, நம் கட்டடத்துக்குக் காவல் இருந்தாளே பச்சையம்மா, அவள். அஸ்திவாரம் தோண்டிய வாரத்தில் குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டதாம். காலையில் சித்தாள்கள் வருவதற்கு முன்னால் ஒரு சுற்று, சாயங்காலம் அவர்கள் போன பிறகு ஒரு சுற்று, ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்துவிட்டு வருமாம், நிஜ மேஸ்திரிகூட அவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை. மாடியில் உன் அறை என்று நீ பிளானில் குறித்து அனுப்பினாயே, ஜன்னல் வைப்பதற்கு முன்பே அங்கேதான் நாலு குட்டி போட்டது. போன மழைக்காலம் முழுக்க ஐந்தும் அங்கேதான். குட்டிகளைக் கொத்தனார்கள் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுபோய்விட்டார்கள். கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரம் பச்சையம்மா பெருங்களத்தூரில் அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பியபோது இதையும் கூப்பிட்டாள். தெருமுனை வரை அவளோடு போய், நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து நம் வாசலில் படுத்துக்கொண்டது. ஏன் உன்னோடு வர மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். ‘அத்தொட வூடு இதாம்மா, நீதான் புச்சா வந்துகீற’ என்றாள். நியாயம்தானே.

கிரகப்பிரவேசத்தன்று நடந்ததை அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். முகூர்த்தம் ஐந்தரையிலிருந்து ஏழு. வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டிய பசுவைக் காணோம். மாடம்பாக்கத்திலிருந்து கன்றோடு ஓட்டி வருவதாகச் சொன்ன சுப்பராயலு அதே முகூர்த்தத்தில் மூன்று வீட்டுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான், இந்தப் பக்கம் தெருவுக்கு இரண்டு புது வீடு, ஒரு பசு எத்தனை வீட்டுக்குத்தான் போகும். ஆறேமுக்காலுக்கு மூச்சிரைக்க வந்து, ‘கோச்சிக்காத மாமி, ரெண்டு வூடு முட்ச்சிகினு நேரா இங்கதான் வர்றேன்’ என்றான். சரி, உள்ளே விடு என்றால் பசு வர மறுக்கிறது. நீ பொறுக்கின டைல்ஸ், அச்சுதா, முகம் தெரிகிற டைல்ஸ். ஒரு காலை வைத்தது, வழுக்கியது, பின்னால் போய்விட்டது. அகத்திக்கீரையைக் காட்டினோம், வாழைப்பழத்தைக் காட்டினோம், சுப்பராயலு பின்னாலிருந்து தள்ளினான், ஊஹூம். வாத்தியார் கடிகாரத்தையே பார்க்கிறார். அப்போது மேஸ்திரி, காலைச் சுற்றுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, வாத்தியாரின் பஞ்சகச்சத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. கூடம், சமையலறை, மாடி எல்லாம் பார்த்துவிட்டு இறங்கி வந்து நடுக்கூடத்தில் கோலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. பச்சையம்மாதான் ஓடிப்போய்ச் சாக்கு எடுத்து வந்து விரித்தாள், பசுவும் கன்றும் அதன் மேல் நடந்து உள்ளே வந்தன. எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி, கோமாதாவுக்கு முன்னால் நாய் நுழைந்த வீடு விளங்குமா என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். வாத்தியார் மறுபடியும் புண்யாகவாசனம் செய்து மாவிலையால் வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார், நாய் மேலும் நாலு சொட்டு விழுந்தது. இனி எல்லாம் சுத்தம் என்றார். அப்படியானால் நாயும் சுத்தம்தானே என்று கேட்டேன். அவர் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார்.

ஊசி போட்டாயா என்று கேட்பாய். தாம்பரம் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நானேதான் கூட்டிப்போனேன். ஆட்டோக்காரர் ஏசுபாதம், ‘இன்னா மாமி பேஜார் பண்ற, நாயி ஆட்டோல குந்துமா’ என்றார். உன்னைவிடச் சமர்த்தாகக் குந்தியது. ஊசிச் சீட்டு பீரோவில் உன் டிகிரி சர்டிபிகேட்டோடு இருக்கிறது. ஒரு தரம் அதட்டினேன், அதிலிருந்து சமையலறைக்கும் பெருமாள் அலமாரிக்கும் வருவதில்லை. ஆசாரம் போச்சு என்று அப்பா பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது தயிர்சாதத்தில் கடைசி இரண்டு கவளத்தை யாருக்கு மிச்சம் வைக்கிறார் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இனி நீ கோபிக்கப் போகிற விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை மதியழகன் அந்தக் குட்டியைக் கூடையில் கொண்டு வந்தான். அழகில்லை என்று சொல்ல மாட்டேன், வெண்ணெய் நிறம், பஞ்சு மாதிரி காது. கூடவே அவன் பெண் சத்யப்ரியாவும் வந்தாள், ஆறு வயசு, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாலு நாள் வீட்டில் வைத்து விளையாடிவிட்டு இன்னொருத்தருக்குக் கொடு என்றால் குழந்தை என்ன செய்யும். இரண்டு பேருக்கும் கேசரி கொடுத்தேன், கூடையை எடுத்து அவள் மடியிலேயே வைத்து, இது உனக்குத்தான் கொண்டு போ என்றேன். அச்சு கோச்சுப்பான்மா என்று மதியழகன் தயங்கினான். கோபிக்கட்டும், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

முப்பது வருஷம் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோமே என்று நீ ஆசைப்பட்டுக் கட்டிய வீடு, எனக்குத் தெரியாதா. அதனால்தான் பிளானிலிருந்து கேட்டின் பெயிண்ட் வரை நீ சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றேன். சமையல் மேடை உங்கள் ஊர் உயரம். நான் பலகை போட்டு ஏறி நின்றுதான் தோசை வார்க்கிறேன். இதுவரை உன்னிடம் சொன்னேனா? இன்றைக்குச் சொல்கிறேன். இந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை இருக்கிறவள் நான், நான் வேண்டும் என்று சொன்னது இந்த ஒன்றுதான். அதையும் நீ அங்கே உட்கார்ந்துகொண்டு அப்புறப்படுத்து என்றால் கேட்க மாட்டேன். அப்பா சொன்னாலும் கேட்க மாட்டேன், எதிர்வீட்டு மாமி அசோசியேஷனில் எழுதிக் கொடுத்தாலும் கேட்க மாட்டேன். மேஸ்திரி எங்கேயும் போகாது.

வெறும் வயிற்றில் ஆபீசுக்கு ஓடாதே. சுப்ரஜா கேட்ட நார்த்தங்காய் வெயிலில் காய்கிறது, நீங்கள் வரும்போது பதமாக இருக்கும். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்ததைப் பிடித்த மாதிரி செய்துகொண்டு நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். டிசம்பரில் வந்து இறங்கியதும் கேட்டைத் திறந்துகொண்டு விறுவிறு என்று உள்ளே வந்துவிடாதே. வாசல் கல்லில் அச்சுதன் இல்லம் என்று உன் பெயரைத்தான் வெட்டியிருக்கிறோம், ஆனால் மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. குரைக்கும். பயப்படாமல் கையைத் தாழ்த்தி நில், மோந்து பார்க்கட்டும், என் பிள்ளை என்று நானும் வந்து சொல்கிறேன். கிரகப்பிரவேசத்துக்குத்தான் உன்னால் வர முடியவில்லை. அது வழிவிட்ட பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா.

இப்படிக்கு,
உன் அம்மா
வேதா தோத்தாத்ரி