நாலு மீட்டர் துணி

மார்ச் 4
கடையில் இல்லாத ஒரு பெண்ணுக்கு என் மனைவி இன்று நாலு மீட்டர் துணி வெட்டிவிட்டாள். "இப்பத்தானே நின்னாங்க, பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு" என்றாள். யாருமே வரலடி, கண்ணு அவிஞ்சு போச்சா என்று கத்திவிட்டேன். நாளையிலிருந்து கடைக்கு வராதே என்றும் சொன்னேன். அவளும் சேர்ந்து உண்டாக்கிய கடை.

மார்ச் 9
மாயத்தோற்றத்துக்கென்று தெருமுனை டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். விழுங்கிய மறுநாளே மரக்கட்டை மாதிரி விறைத்துப்போனாள். விலை கொடுத்து வினையை வாங்கியிருக்கிறேன். நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மார்ச் 17
பெரிய ஆஸ்பத்திரி. முதுகுத்தண்டு நீரைச் சோதிக்கலாம் என்றார் நரம்பு டாக்டரம்மா. மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்திலிருக்கும் நல்லதையும் தன்னைப் போலவே மடித்துவிடுமாம். லேபில் அந்த நீரை நல்ல புரதத்தோடு சேர்த்துக் குலுக்கிக்கொண்டே இருப்பார்களாம். தப்பானது இருந்தால் நல்லதும் அதன்படி மடியும். கருவியில் ஒளி கூடும்.

எனக்குப் புரிந்தது. துணிக்கட்டில் அடி மடிப்பு கோணினால் மேலே வருவதெல்லாம் கோணும். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவளே இவள்தான்.

"இருக்குன்னு தெரிஞ்சா குணமாகுமா?"

"ஆகாது. எந்த மாத்திரையைக் குடுக்கவே கூடாதுன்னு தெரியும்."

நியாயமான பதில். ஆனாலும் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை. "எடுங்கம்மா. எனக்குப் பைத்தியமா, வியாதியான்னு தெரியணும். இவரு பேரம் பேசி முடிக்கறதுக்குள்ள நான் இவரையே மறந்துடுவேன்."

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18
ஒருக்களித்துச் சுருண்டு படுத்திருந்தாள். குழாயில் தெளிந்த நீர். தொட்டுப் பார்த்தே சரக்கின் தரம் சொல்கிறவன் நான் — ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 29
சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 6
முடிவு வந்தது. தப்பான புரதம் இருக்கிறது.

அவளை விறைக்க வைத்த அந்த வகை மாத்திரை இனி எந்த அவசரத்திலும் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வண்டியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப என்னை வீட்டுலயே பூட்டிடுவீங்களா?"



ஏப்ரல் 7
காலையில் ஷட்டரைத் தூக்குமுன் இருவரும் பேசி முடித்தோம். கத்தரிக்கோல் என்னிடம். மடிப்பு வேலை அவளுடையது. யாராவது தென்பட்டால் வெட்டப் போகாமல் என்னைக் கூப்பிட வேண்டும். நான் "யாரும் இல்லை" என்று சொல்லக் கூடாது, "என்ன வேணுமாம்?" என்று கேட்க வேண்டும்.