திஃபுந்தாவிடம் கொடுத்து வாங்கிய நம்பர் பிளேட்

என் கண்ணான மரிசெலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர. உஷுவாயாவின் குளிரில் நீயும் சுகம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்காருகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே திட்டத் தொடங்கிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். பிழைகளைப் பொறுத்துக்கொள், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

அப்பா போன பிறகு அவருடைய பிக்கப் வண்டியை விற்றுவிடு, ஓட்டத் தெரியாத உனக்கு எதற்கு என்றாய் அல்லவா, நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் நீ கைக்குழந்தையாக இருந்தபோது மலையிறக்கத்தில் பிரேக் விட்டுப்போய், தாகத்தால் செத்துத் தெய்வமான நம் திஃபுந்தாவை அவர் கூப்பிட்டுக் கத்தினாரே, "காப்பாத்து தாயே, இந்த வண்டி எங்க கையை விட்டுப் போற அன்னைக்கு இதோட நம்பர் பிளேட்டை உன் கோயில்ல கொண்டுவந்து கட்டுறேன்" என்று. விற்பதற்கு முன் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டாமா? என் சிநேகிதிகளில் டெல்மிரா ஓட்ட, இர்மா நடுவில் உட்கார்ந்து மாத்தே டீ ஊற்றித் தர, நான் ஜன்னலோரம் அழ, மூன்று கிழவிகள் திஃபுந்தாவின் கோயில் இருக்கும் சான் ஹுவானுக்குக் கிளம்பினோம். வழி முழுவதும் புழுதியும் முள்செடியும் என் மூக்கு உறிஞ்சலும்தான். "இப்படி அழுதா திஃபுந்தாவுக்குத் தண்ணி பாட்டிலே வேணாண்டி, இதையே புடிச்சு வெச்சிடலாம்" என்றாள் இர்மா. "உப்புத் தண்ணியக் குடிச்சா அவளுக்கு இன்னும் தாகம்தாண்டி எடுக்கும்" என்றாள் டெல்மிரா. துக்க வீட்டுக்காரி என்ற மரியாதை அவ்வளவுதான்.

கோயிலில் தண்ணீர் பாட்டில்களை வைத்தோம். வண்டியின் முன் பிளேட்டைக் கழற்றி, ஆயிரம் பிளேட்டுகளுக்கு நடுவே கம்பியால் கட்டினோம். நான் விழுந்து அழுதேன். பின்னால் ஒரு பிளேட் இருக்கிறதே, போதாதா என்று மூன்று பேருக்குமே தோன்றியது. மூன்று தலை, மூளை ஒன்றுகூட இல்லை. திரும்பும் வழியில் சோதனைச் சாவடிப் போலீஸ்காரன் நிறுத்தி, "முன்னாடி பிளேட் எங்கம்மா?" என்றான். டெல்மிரா நெஞ்சை நிமிர்த்தி, "திஃபுந்தாவுக்குக் கொடுத்துட்டோம் தம்பி" என்றாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். "எல்லாரும் ஓடாத வண்டியோடதக் கொடுப்பாங்க. நீங்க ஓடுற வண்டியோடதக் கொடுத்துட்டு, அதே வண்டியில வீட்டுக்குப் போறீங்க. அவ எங்கயும் ஓட்டிட்டுப் போகப் போறதில்லம்மா, போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றான்.

சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போகிற முகம் எப்படி இருக்கும் என்று வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. டெல்மிரா போட்ட முடிச்சு அவிழவில்லை, கம்பியை முறுக்கி முறுக்கித்தான் அறுத்தோம். மெழுகுவத்தியோடு வந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "எங்களோடதுதான், எங்களோடதுதான்!" என்று இர்மா கத்திய கத்தலில், சந்தேகப்படாதவர்களும் சந்தேகப்பட்டார்கள்.

பிளேட் கைக்கு வந்தது. வெயிலில் சுட்டது. மடியில் வைத்துக்கொண்டேன். கட்டும்போது அப்படி அழுதவள், வாங்கியதும் கல்யாணப் பெண் மாதிரி சிரிக்கிறேன், அடக்கவே முடியவில்லை. "வேண்டுதலும் நிக்கல, வெட்கமும் இல்ல, இவளுக்குச் சிரிப்பப் பாரு" என்றாள் டெல்மிரா. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது, அந்த வண்டி என் கையை விட்டுப் போக நான் விடப்போவதில்லை. போகாத வரை திஃபுந்தாவுக்குப் பிளேட் கடனும் இல்லை. ஓட்டுகிற இருக்கையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது மகளே. அதை யாருக்கு விற்பது?

அதனால் டெல்மிரா எனக்கு ஓட்டக் கற்றுத் தருகிறாள். அந்தப் பள்ளத்தில் நான் முழுகிப்போகிறேன், தலையணை போட்டால்தான் ரோடு தெரிகிறது. நேற்று கோழிக்கூட்டில் ஏற்றிவிட்டேன். கோழிகள் சுகம், சேவல் மட்டும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

திஃபுந்தா உன்னைத் தாகமில்லாமல், தனிமையில்லாமல் காக்கட்டும். தண்ணீர் பாட்டில்களை நாங்கள் திருப்பி வாங்கவில்லை, அந்தப் புண்ணியம் உனக்கு. கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. வண்டி வாங்க ஆள் பார்த்து வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. டிசம்பரில் வரும்போது பஸ் நிலையத்தில் டாக்சி பிடிக்காதே, வெளியிலேயே நில். நான் வருவேன், இரண்டு பிளேட்டோடும்.

தலையணை மேல் உட்கார்ந்திருக்கும் உன் அம்மா,
நேலிடா