கழுத்துவரை மணல்

9 ஜனவரி 2025

ஏழாம் வகுப்புக்கு ஓவியப் பாடம் முடித்துவிட்டு மகாபலிபுரம் போனேன். கடற்கரைக் கலைவிழாவை நடத்தும் ஹரிப்ரியா என் நிகழ்வுக்கு ஒத்துக்கொண்டார். தம்பி ஜோஷ்வாவின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கழுத்துவரை மணலில் புதைந்து நிற்பேன். பக்கத்தில் ஒரு பலகை. அதில் அவன் பெயர், போன வருடம் அவனை செப்டிக் டேங்கில் இறக்கிச் சாகவிட்ட அபார்ட்மெண்டின் பெயர்.

அம்மாவிடம் ஓவியக் கண்காட்சி என்று மட்டும் சொன்னேன்.

14 ஜனவரி

பொங்கல். தெருவெல்லாம் நெய் வாசனை. அம்மா சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

18 ஜனவரி

ஹரிப்ரியா கூப்பிட்டார். "தம்பி பேர் இருக்கட்டும் ஷாரோன். அபார்ட்மெண்ட் பேர் வேண்டாமே. அந்த பில்டர் நமக்கு ஸ்பான்சர்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வாய்ப்பு போய்விடுமே என்ற பயம். வேறென்ன.

26 ஜனவரி

விடுமுறை நாள், ஏகக் கூட்டம். ஈர மணல் நெஞ்சை அழுத்தியது. மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. பலகையை யாரும் படிக்கவில்லை. ஒருவன் தன் கூலிங் கிளாஸை எனக்கு மாட்டி செல்ஃபி எடுத்தான்.

யாரோ அம்மாவுக்குப் போனில் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி பண்ணிகினு கீற? ஒருத்தன் குழில போனது பத்தாதா?"

மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை வாரினாள். காவலாள் தோளைப் பிடித்தான். "வுடுடா! எம் பொண்ணு உள்ள கீது!"

ஜோஷ்வா செத்த அன்றைக்கு அவளை அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கூட்டம் கைதட்டியது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிளிஞ்சல் கிழித்து விரலெல்லாம் ரத்தம்.

27 ஜனவரி

அம்மா விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

2 பிப்ரவரி

ஹரிப்ரியா: "அம்மா வந்த வீடியோவைத்தான் எல்லாரும் பேசறாங்க. கொச்சி கலைவிழாவுல கேக்கறாங்க. ரெண்டு பேருமா பண்ண முடியுமா? அன்னைக்கு மாதிரியே?"

போனை வைத்துவிட்டேன். அம்மா அழுகையை ஒத்திகை பாக்கணுமாம். த்தூ.

நான் மட்டும் இன்னா பண்ணேன்? செத்தவன் சட்டையப் போட்டுகினு, கொன்னவன் பேர அழிச்சிட்டு —

கொச்சிக்குப் போகவில்லை.

12 பிப்ரவரி

சிறுசேரியில் அம்மா கூட்டிப் பெருக்கும் குடியிருப்பின் வாட்ச்மேன் செல்வராஜ் பள்ளிக்கே போன் செய்தார். "உங்கம்மா டேங்க் மூடி மேல குந்திகினு எந்திரிக்க மாட்டேங்குது. சீக்கிரம் வாம்மா."

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். கழிவு லாரி நின்றிருந்தது. அடியில் தங்கிய சேற்றை வாரி எடுக்க, உள்ளே இறங்குவதற்கென்று கூட்டிவந்த ஆள் ஓரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். குடியிருப்புச் சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் கத்திக்கொண்டிருந்தார்: "இப்ப எழுந்திருக்கலேன்னா வேலை போயிடும், காசியம்மா!"

"போவட்டும். மிஷின் இட்டாந்து அள்ளு. மன்சன எறக்காத."

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். யாரும் படம் எடுக்கவில்லை.

கடைசியில் லாரி கிளம்பியது. அம்மாவுக்கு வேலை போயிற்று. அந்த ஆள் ஏறும்போது சொன்னான்: "நாளிக்கு வேற எடத்துல எறக்குவாங்கம்மா."

"எந்த எடம்னு சொல்லு," என்றாள் அம்மா.