அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகள்

கோர்படி ரயில்வே காலனி,
பூனா
12.7.1994, செவ்வாய்

என் சம்சாரம் தர்மாம்பாளுக்கு உன் வீட்டுக்காரன் முனிரத்தினம் எழுதிக்கொண்டது. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நம் பெண் செல்வியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நிறைமாசக்காரி காதில் இது விழவேண்டாம். கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டி நீயே படி.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, ஏமாந்து போகாதே. மருமகள் வல்லியைத்தான் கூட்டி வந்திருக்கிறேன். தசரதன் சரக்கு வண்டியில் கார்டு டூட்டிக்குப் போய் மூன்று நாள் ஆகிறது, மன்மாட் பக்கம் எங்கோ நிற்கிறானாம். பெஞ்சு முழுக்கப் பொம்பளைங்க. நடுவில் நான் ஒருத்தன், மடியில் நம் பேத்தி வைஷு. நாலு வரி எழுதுவதற்குள் ஆறு தடவை எழுந்து கதவைப் பார்த்தாயிற்று.

வல்லிக்குப் பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு நாளாகக் காலையில் வாந்தி. வைஷுவை வயிற்றைக் கிழித்து எடுத்ததும், மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியதும் நீ பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். மூன்று வருஷத்துக்கு அடுத்தது கூடாது, இவள் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னதும் நீ கேட்டதுதான். வைஷுவுக்கு இன்னும் ஒன்றரை வயசுகூட ஆகவில்லை.

அதற்குத்தான் கர்ப்பத் தடை மாத்திரை சாப்பிடுகிறாளே என்பாய். உள்ளே போகுமுன் அட்டையை என்னிடம் கொடுத்தாள். வெள்ளை இருபத்தொன்று, செங்கல் நிறத்தில் ஏழு. வெள்ளையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஏம்மா என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவரு வீட்ல இருக்கிற அன்னிக்கு மட்டும் போட்டுக்கினேன் மாமா. நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

நான்தான் சொன்னேன், தர்மு. செல்வி பிரசவத்துக்கென்று நீ ஊருக்குப் போன மறுவாரம். அவன் லைனில் போயிருந்தான். இவள் மாத்திரை முழுங்குவதைப் பார்த்துவிட்டு, என் வாய் சும்மா இருக்கிறதா? "வண்டியே ஸ்டேஷன்ல இல்ல, நீ யாருக்கும்மா கொடி காட்டுற?" என்று கேட்டுவிட்டேன். தங்கச்சி பெண் என்ற உரிமை. அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவன் வந்தால் மாத்திரை, போனால் நிறுத்தம். நான் அதைத் தமாஷ் என்று நினைத்தேன். அவள் மாமா சொன்ன புத்தி என்று நினைத்திருக்கிறாள்.

டாக்டரம்மா கூப்பிடுகிறாள்.

17.7.1994, ஞாயிறு

அன்றைக்கு நான் உள்ளே போனதும் அந்த மராத்தி டாக்டரம்மா, "ஆப் கோன்?" என்று நான் யார் எனக் கேட்டாள். சசூர் என்றேன். மாமனாரா என்று வெளியே பெஞ்சே சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கொடி காட்டிய கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைத்தான் திட்டினாள். புருஷன் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஒன்று, அதுவும் ஒரே நேரத்துக்கு முழுங்கினால்தான் அது காக்குமாம். ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்த உடனே போட்டுக்கொண்டு, அன்றைய மாத்திரையையும் அதன் நேரத்துக்குப் போடவேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் ஏழு நாளைக்கு நிரோத் உறை இல்லாமல் புருஷன் கிட்டே வரக்கூடாது. இதை இந்தியில் என்னைப் பார்த்துச் சொல்கிறாள், நான் தமிழில் மருமகளிடம் சொல்லவேண்டும். சொன்னேன், மேலே சுழல்கிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு. என் நாற்பது வருஷ சர்வீஸில் இப்படி வேர்த்ததில்லை.

பிறகு பி.பி. பார்த்தாள். மண்டையைப் பிளக்கிற தலைவலி, நெஞ்சுவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வா என்றாள். மூத்திரம் டெஸ்ட் பண்ணியதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இப்போதே நிச்சயம் சொல்ல முடியாது, ஒரு வாரம் பார் என்று அனுப்பிவிட்டாள்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே. ரயில்வே கேட் வரை போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புவேன். டீயில் உப்பைப் போட்டுக் குடித்தேன், பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது. கூடத்தில் என் தங்கச்சி பூங்காவனத்தின் படம் இருக்கிறதே, அந்தப் பக்கம் தலை தூக்கவில்லை. நாலாவது பிரசவத்தில் அவள் போனபோது வல்லிக்கு ஆறு வயசு.

நேற்றுக் காலை வல்லி வந்து, "மாமா, இனிமே பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் புரிந்தது. இரானி கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தேன், இரண்டிலும் சர்க்கரைதான்.

இன்று புது அட்டை ஆரம்பித்துவிட்டாள். டூட்டி முடிந்து வந்த தசரதனை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான், பிறகு "நைனா, நீங்க இனிமே அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்றான். சரி என்று வாயைப் பொத்திக் காட்டினேன். நீ நம்பமாட்டாய்.

இந்த அட்டையையே செல்விக்கும் வாங்கி வைத்துவிடாதே. பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாசம் இது ஆகாதாம். அங்கே இருக்கிற டாக்டரிடமே கேள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று கிளம்பாதே.

போன கடிதத்தில், அடுத்தது பேரனாக இருக்கட்டும், வல்லியிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. நீ வந்த பிறகும் சொல்லாதே, தர்மு. உன்னை நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், இது கிண்டல் இல்லை.

செல்விக்கு நல்லபடியாக ஆகட்டும். ஆனதும் தந்தி கொடு. ஆணா பெண்ணா என்பதைப் பிறகு கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். செல்வி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள் என்று தந்தியில் போடு, போதும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
முனிரத்தினம்