கேட்காமல் செய்த உதவி

ஐப்பசி 12, சனி

இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, ஊரில் எங்கள் பக்கத்து வளவுச் செல்வனின் தாயார் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைக் கழுவி, கஞ்சி பருக்கியவள் நான். அவர் கண்மூடிய பிறகுதான் செல்வன் என் கையைப் பிடித்து, "அக்கா, ஊருக்குப் போனதும் உங்கட வயலை வருசா வருசம் நானே உழுது தாறன்" என்றான். எங்கள் ஊர் பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்தோம். இப்போது அவனிடம் உழவு இயந்திரம் இருக்கிறது. என் வயலில் பற்றை வளர்ந்து கிடக்கிறது.

ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபையில் முறையிட்டிருந்தேன். இன்று அங்கே சட்டம் படித்த ஐயா சொன்னார்: "அம்மா, உதவி முடிஞ்ச பிறகு குடுத்த வாக்கு வெள்ளைக்காரன்ர சட்டத்தில செல்லாது. இவர் முன்னமே ஏதும் வாக்குத் தந்து, அதை நம்பியோ இவற்ற தாயைப் பார்த்தனீங்கள்?"

செல்வன் சிரித்தான். "அக்காட்ட நான் கேட்டனானோ? தானா வந்து செய்தவ."

ஓம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்த மழைக்கு விதைத்திருப்பேன். "இல்லை ஐயா. மனுசி தண்ணி கேட்டு அழுதவ, அதுதான் போனனான்" என்றேன். ஐயா என் முறைப்பாட்டுக் கடதாசியை மடித்து வைத்தார்.

பெற்ற தாய் அழுதபோது கூடாரத்துக்கு வெளியே நின்றவன் இவன். சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனாலும் அவரைத் தூக்கிக் கழுவியதைக் கூலிவேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விதைக்கு வைத்த நெல்லை நாளைக்கு அவிக்கப் போடவேண்டும்.